வேகத்தைக் கைவிட்ட துப்பாக்கி

எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளர்கள் 'துப்பாக்கி' என்ற சொல்லை எழுதாமல் கழித்த நாட்கள் மிகச் சிலவே. செய்தி மேசைக்கு வரும் தாள்களில் அந்தச் சொல் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணிக்கையும் இருக்கும். 2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி பீஜிங் ஒலிம்பிக்கிலிருந்து வந்த செய்தியில் அதற்குப் பக்கத்தில் ஒரு பதக்கம் இருந்தது. இந்தியாவின் அபினவ் பிந்த்ரா ஆண்களுக்கான 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் தங்கம் வென்றிருந்தார். தனிநபர் போட்டியொன்றில் இந்தியா பெற்ற முதலாவது ஒலிம்பிக் தங்கம் அது. இளம் உதவி ஆசிரியர் ஒருவர் "துப்பாக்கிச் சூட்டில் இந்தியருக்குத் தங்கம்" என்று தலைப்பிட்டுக் கொண்டுவந்தார். வன்னியில் போர் உக்கிரமடைந்திருந்த வாரங்கள் அவை. முதற் பக்கத்தில் அதே 'துப்பாக்கிச் சூடு' வேறு பொருளில் ஏற்கெனவே அமர்ந்திருந்தது. "குறிபார்த்துச் சுடுதலில்" என்று தலைப்பு மாற்றப்பட்டு அச்சுக்குப் போனது.

அந்தச் செய்தியோடு வந்த அளவுகள்தாம் என்னை இந்தக் கருவியின் வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றன. இலக்கு அட்டை பத்து மீற்றர் தொலைவில் நிற்கிறது. அதன் நடுவே பத்துப் புள்ளி தரும் பொட்டின் விட்டம் 0.5 மில்லிமீற்றர், பேனா முனையால் வைத்த ஒரு புள்ளி என்று கொள்ளலாம். சுடப்படும் ஈய ரவையின் விட்டம் 4.5 மில்லிமீற்றர், எடை ஏறத்தாழ அரைக் கிராம். ('ரவை' என்பது எங்கள் பத்திரிகைத் தமிழ், தமிழகத்து வாசகர்கள் 'குண்டு' என்று வாசித்துக்கொள்க. எங்கள் நாட்டில் குண்டு என்றால் வேறு.) பத்துப் புள்ளி பெற அந்த ரவையின் விளிம்பாவது பொட்டைத் தொட வேண்டும். இவற்றையெல்லாம் விட என்னை வியக்கவைத்தது வேகம். செக்கனுக்கு ஏறத்தாழ 170 மீற்றர். ஒலியின் வேகத்தில் பாதி. போர்க்களத்து ரைபிளொன்றின் ரவை அதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் பாயும். துப்பாக்கி செய்தவர்கள் நூற்றாண்டுக் கணக்காக வேகத்தையே பெருமையாகக் கொண்டிருந்தார்கள். உலகின் ஆகத் துல்லியமான துப்பாக்கிகளுள் ஒன்றைச் செய்தவர்கள் அந்தப் பெருமையை ஏன் விட்டுக்கொடுத்தார்கள்?

காற்றால் சுடும் துப்பாக்கி புதிய பொருளல்ல. சுவீடனின் தலைநகர் ஸ்டொக்ஹோமில் உள்ள அரச ஆயுத நூதனசாலையில் 1580ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட ஒன்று இருக்கிறது. கொல்லன் துருத்தியைப் போன்ற ஓர் அமைப்பே அதற்குள் காற்றைத் தள்ளுகிறது. இருநூறு ஆண்டுகள் கழித்து அது போருக்கே போனது. தைரோல் மலைப்பகுதியைச் சேர்ந்த பார்த்தலோமெயுஸ் ஜிரண்டோனி செய்த காற்று ரைபிளை ஒஸ்திரிய இராணுவம் 1780ஆம் ஆண்டு தனது படைக்கலங்களுள் சேர்த்துக்கொண்டது. அதன் பிடங்கே காற்றை அடைத்து வைக்கும் இரும்புக் குடுவை. இருபது ரவைகள் ஒரு குழாயில் வரிசையாகக் காத்திருக்கும். மற்றப் படைகள் ஒவ்வொரு வெடிக்கும் மருந்து திணித்துக்கொண்டிருந்த காலத்தில், புகையுமின்றிப் பேரோசையுமின்றி அடுத்தடுத்துச் சுடக்கூடிய கருவி இது. 1804இல் அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக்குப் புறப்பட்ட லூவிஸ், கிளார்க் குழுவினர் ஒரு காற்று ரைபிளைக் கொண்டுசென்று, வழியில் சந்தித்த பூர்வகுடி மக்களுக்குச் சுட்டுக்காட்டினார்கள். அதுவும் ஜிரண்டோனி வகையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஆனால் ஒரு குடுவையை நிரப்ப ஏறத்தாழ 1500 தடவை கைப்பம்பை அழுத்த வேண்டும். குடுவைகள் கசிந்தன. ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே அழுத்தம் குறைந்ததால் ரவையும் சிறிது சிறிதாகத் தாழ்ந்து விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒஸ்திரியப் படை அதைக் கைவிட்டுவிட்டது. படைக்கலமாகத் தோற்ற இந்தக் கருவி பின்னர் விளையாட்டுச் சாமானாகவும் தோட்டத்து எலி, அணில் விரட்டவுமே பயன்பட்டது. குடுவைக்குப் பதிலாகச் சுருள்வில் வந்தது. நாம் பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் 'முசலம்' என்று படித்த பிஸ்டனை ஒரு சுருள்வில் பின்னிருந்து தள்ளும். முசலம் உருளைக்குள் இருக்கும் காற்றை நெரிக்கும். நெரிந்த காற்று ரவையைக் குழல் வழியே துரத்தும். குழலை மடக்கினாலோ நெம்புகோலை இழுத்தாலோ வில் மீண்டும் இறுகிவிடும். பம்பும் வேண்டாம், குடுவையும் வேண்டாம். ஒவ்வொரு வெடியும் ஒரே அளவு பலத்துடன் போகும். ஜேர்மனியின் ராஸ்டாட் நகரில் 1890இல் தொடங்கிய 'டயானா' நிறுவனம் இவ்வகைத் துப்பாக்கிகளை உலகெங்கும் அனுப்பியது. எங்கள் ஊர்களில் பழைய வீடுகளின் பரண்களில் கிடந்தவற்றுள் பல டயானாக்களே.

இதைச் சிறுவர் கையிலிருந்து பெரியவர் கைக்கு மாற்றியது பேர்மிங்ஹாம் நகரம். தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் பிரித்தானியச் சிப்பாய்களின் குறி பார்க்கும் திறன் கேலிக்குள்ளானது. சாதாரண மக்கள் சுடப் பழக வேண்டும் என்ற இயக்கம் அங்கே எழுந்தது. அதே யுத்தம் 1902இல் முடிந்ததும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு வேலை குறைந்தது. லிங்கன் ஜெஃப்ரிஸ் என்ற பேர்மிங்ஹாம் துப்பாக்கித் தொழிலர் குழலை மடக்காமல் கீழிருக்கும் நெம்புகோலால் வில்லை இறுக்கும் அமைப்புக்கு 1904இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டிலிருந்து அதைத் தயாரித்தது பி.எஸ்.ஏ. நிறுவனம். பி.எஸ்.ஏ. என்றதும் யாழ்ப்பாணத்தாருக்கும் சென்னையாருக்கும் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். 'பேர்மிங்ஹாம் சிறு ஆயுதங்கள்' என்பதே அந்த மூன்று எழுத்துகளின் விரிவு. ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய மூன்று ரைபிள்களே அதன் பழைய சின்னம்.

ஜெஃப்ரிஸ் செய்த மாற்றம் எளியது, ஆனால் அடிப்படையானது. மடங்கும் குழல் ஒவ்வொரு தடவையும் மயிரிழை வேறுபட்ட இடத்தில் வந்து நிற்கும். பிணைச்சல் தேயத் தேய அந்த வேறுபாடு பெருகும். மடங்காத குழல் அங்கேயே நிற்கும். குழலின் உட்புறத்தில் சுருளாக ஓடும் தவாளிப்புகள் ரவையைச் சுழலவைத்தன. இடை சிறுத்து, பின்புறம் பாவாடை போல் விரிந்த ரவை அக்காலத்தில் பரவியது. உடுக்கை போன்ற 'டயபோலோ' என்ற விளையாட்டுப் பொருளின் பெயரே அதற்கும் நிலைத்தது. மெல்லிய அந்தப் பாவாடை காற்றின் அழுத்தத்தில் விரிந்து தவாளிப்போடு ஒட்டிக்கொள்ளும். ரவை பறக்கையில் அதுவே பின்னிழுத்து நேராக வைத்திருக்கும். பேர்மிங்ஹாம் மதுச்சாலைகளில் இரும்புத் தகட்டில் விரல் நுழையாத ஒரு துளையிட்டு, அதன் பின்னே மணியொன்றைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ரவை துளைக்குள் புகுந்தால் மணி அடிக்கும். தொழிலாளர்கள் குழுக் குழுவாகப் பிரிந்து வாராவாரம் போட்டியிட்டார்கள். துல்லியம் என்பது அங்கே ஓர் ஓசை.

எனினும் சுருள்வில் துப்பாக்கிக்குள் ஒரு குறை குடியிருந்தது. வெடிமருந்துத் துப்பாக்கி ஒரு தடவைதான் பின்னுக்கு உதைக்கும். இது இரண்டு தடவை உதைக்கும். விசையை இழுத்ததும் கனமான முசலம் முன்னே பாய்கிறது. துப்பாக்கி பின்னே நகர்கிறது. முசலம் நெரிந்த காற்றில் மோதி நின்று சற்றுத் துள்ளுகிறது. துப்பாக்கி இப்போது முன்னே வெட்டியிழுக்கப்படுகிறது. முறுகியிருந்த சுருள்வில் விரியும்போது பக்கவாட்டிலும் ஒரு திருகல் எழுகிறது. இவை எல்லாம் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் நடந்து முடிகின்றன. ரவையோ இந்த ஆட்டத்தின் நடுவே, குழலுக்குள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. சுடுபவர் எவ்வளவு கவனமாகக் குறி பார்த்தாலும், ரவை குழலை விட்டு நீங்கும் கணத்தில் துப்பாக்கி அவர் குறிபார்த்த இடத்தில் இல்லை.

ஆகவேதான் இத்துப்பாக்கியை இறுகப் பிடிப்பவர்களைவிடத் தளரப் பிடிப்பவர்கள் நன்றாகச் சுடுகிறார்கள். ஆட்டத்தைத் தடுக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி ஆடவிடலாம். அப்போது ரவைகள் எங்கே விழுந்தாலும் ஒரே இடத்தில் விழும். பிறகு குறிகாட்டியைத் திருகி அந்த இடத்தை மையத்துக்குக் கொண்டுவந்தால் போதும். சென்னை மெரினாக் கடற்கரையில் பலூன் சுடும் கடைகளுக்குப் போனவர்கள் இதன் மறுபக்கத்தைக் கண்டிருப்பார்கள். அங்குள்ள துப்பாக்கியின் குழல் பிணைச்சலில் ஆடும். மரக்கட்டையின் திருகாணிகள் கழன்றிருக்கும். உப்புக் காற்றில் தவாளிப்பு துருவேறியிருக்கும். முதல் ரவை இடப்பக்கப் பலூனுக்குப் போனால் அடுத்தது எங்கே போகுமென்று கடைக்காரருக்கே தெரியாது.

இந்த ஆட்டத்தைத் தொழிலாக எடுத்து ஒழித்தவர்கள் யார் என்பதே இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. போரில் தோற்றவர்களே அதைச் செய்தார்கள்.

நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஓபெர்ன்டோர்ஃப் என்ற சிறு நகரம் மௌசர் ஆயுதத் தொழிற்சாலையால் வாழ்ந்தது. இரண்டு உலகப் போர்களில் ஜேர்மன் சிப்பாய்கள் ஏந்திய ரைபிள்களின் மூலவடிவம் அங்கே பிறந்தது. 1945 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை நகருக்குள் வந்தது. இயந்திரங்கள் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டன; பின்னர் ஆயுதக் கட்டடங்கள் இடித்து வீழ்த்தப்பட்டன. நேச நாடுகள் ஜேர்மனியில் ஆயுத உற்பத்தியைத் தடைசெய்தன. காற்றுத் துப்பாக்கிக்கும் அந்தத் தடை பொருந்தியது. ராஸ்டாட்டில் இருந்த டயானாவின் இயந்திரங்கள், பெயருரிமை உட்பட, ஸ்கொட்லாந்திலுள்ள ஒரு பிரித்தானிய நிறுவனத்தின் கைக்குப் போயின. பல ஆண்டுகள் 'டயானா' என்ற முத்திரையுடன் ஸ்கொட்லாந்துத் துப்பாக்கிகள் விற்பனையாயின. வோல்தர், அன்ஷுட்ஸ் ஆகிய குடும்பங்கள் துரிங்கியாவிலிருந்த தம் தொழிற்சாலைகளை சோவியத் வலயத்தில் இழந்து, மேற்கே ஊல்ம் நகரில் வெறுங்கையோடு மீண்டும் தொடங்கின.

ஓர் ஆயுத நகரத்தின் கம்மாளர்களுக்கு ஆயுதம் செய்யத் தடை விதிக்கப்பட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கை விரல்நுனியால் உணரப் பழகியவர்கள் அவர்கள். அந்தப் பழக்கம் தடையுத்தரவால் போய்விடுவதில்லை. எங்கள் நாட்டில் போர் முடிந்தபின் இதே கேள்வியை வேறு வகையில் நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அது வேறொரு கட்டுரைக்கு உரியது. மௌசரில் பணியாற்றிய பொறியியலாளர்களான கார்ல் வெஸ்டிங்கர், ஏர்ன்ஸ்ட் அல்டன்பர்கர் இருவரும் 1940களின் இறுதியில் ஓபெர்ன்டோர்ஃபிலேயே ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். 'பைன்வேர்க்பௌ' என்பது அதன் பெயர். நுண்கருவி அமைப்பு என்று பொருள் கொள்ளலாம். (அதே நகரில் அதே ஆண்டுகளில் வேறு மூன்று மௌசர் பொறியியலாளர்கள் தொடங்கிய ஹெக்லர் அன்ட் கொக் நிறுவனம் மறுபடியும் போர்க்கருவிகளுக்கே போனது. இலங்கை வாசகர்கள் அதன் தயாரிப்புகளையும் அறிவார்கள்.)

போருக்குப் பின் ஜேர்மன் சுடுகழகங்களும் மூடப்பட்டிருந்தன. ஊர்த் திருவிழாவும் சுடுபோட்டியும் ஒன்றாகக் கலந்திருந்த சமூகம் அது. 1951இல் ஜேர்மன் சுடுநர் சம்மேளனம் மீண்டும் அமைக்கப்பட்டபோது கழகங்களிடம் துப்பாக்கியும் இல்லை, மைதானமும் இல்லை. முதலில் அனுமதிக்கப்பட்டது காற்றுத் துப்பாக்கியே. பத்து மீற்றர் நீளமான உணவுச்சாலை மண்டபம் ஒன்றிருந்தால் போட்டி நடத்தலாம். இரவில் மேசைகளை ஒதுக்கிவிட்டுச் சுட்டார்கள். ஆயிரக்கணக்கான கழகங்கள் நல்ல காற்றுத் துப்பாக்கியைத் தேடின. ஆயுதம் செய்யக்கூடாத கம்மாளர்கள் அதே நாட்டில் வேலையைத் தேடினார்கள். இரு தேவைகளும் சந்தித்தன.

வோல்தர் 1953இல் ஒரு காற்றுக் கைத்துப்பாக்கியையும் 1955இல் ஒரு காற்று ரைபிளையும் வெளியிட்டது. அந்தக் கைத்துப்பாக்கியை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஜேம்ஸ் பொண்ட் வேடத்தில் ஷோன் கொனரி கன்னத்தருகே நீண்ட குழலுள்ள துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்திருக்கும் புகழ்பெற்ற படத்தில் இருப்பது அதுவே. படப்பிடிப்புக்கு உண்மையான மாதிரியைக் கொண்டுவர மறந்துவிட்டதால் புகைப்படக் கலைஞர் டேவிட் ஹேர்ன் தனது சொந்தக் காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்தார். பொண்ட் பிடித்திருந்த அந்தக் காகிதம் துளைக்கும் கருவி 2010இல் இலண்டன் ஏலமொன்றில் இரண்டரை இலட்சம் பவுணுக்கும் மேல் விலைபோனது.

இனி அந்த ஆட்டத்துக்கு வருவோம். டயானாவுக்காகக் குர்த் கிஸ் என்ற பொறியியலாளர் வகுத்த வழி, ஒரே உருளையில் இரண்டு முசலங்களை வைத்து எதிரெதிர்த் திசையில் ஒரே நேரத்தில் ஓடவிடுவது. முன்னது காற்றை நெரிக்கும்; பின்னதற்கு எதிர்ப்பக்கம் ஓடிச் சமன் செய்வதைத் தவிர வேறு வேலை இல்லை. துப்பாக்கி அசையாது. அழகிய தீர்வு, ஆனால் இரண்டும் பல்லோடு பல் பொருந்தி ஒரே கணத்தில் ஓட வேண்டும். தவறிப் பூட்டினால் எல்லாம் வீண். அன்ஷுட்ஸ் நிறுவனம் எண்ணெய் நிரப்பிய ஒரு தணிப்பானால் முசலத்தின் கடைசி மோதலை மெதுவாக்கியது. பைன்வேர்க்பௌவின் வழி வேறு. அவர்கள் ஆட்டத்தை ஒழிக்கவே முயலவில்லை. விசை விடுபடும் கணத்தில் குழலும் உருளையும் சேர்ந்து மரக்கட்டையிலிருந்து விடுபட்டு, தண்டவாளம் போன்ற இரு சட்டங்களில் சில மில்லிமீற்றர் பின்னே வழுக்கிச் செல்லும்படி அமைத்தார்கள். நேர்கோட்டில் வழுக்குவதால் குறி மாறாது. தோளில் பட்டிருக்கும் கட்டை அசைவதேயில்லை. 1960களின் தொடக்கத்தில் வந்த அவர்களின் 150ஆம் இலக்க மாதிரியும் அதன் வழிவந்த 300ஆம் இலக்க மாதிரியும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போட்டிக்களங்களை ஆண்டன.

இங்கேதான் வேகத்தைக் கைவிட்டார்கள். பத்து மீற்றருக்கு அப்பால் போகத் தேவையில்லாத ரவைக்குப் பெரிய வில் எதற்கு? வில்லைச் சிறிதாக்கினால் முசலத்தின் பாய்ச்சல் குறையும். பாய்ச்சல் குறைந்தால் ஆட்டம் குறையும். இறுக்குவதும் எளிது, அறுபது தடவை இறுக்கிய பின்னும் கை நடுங்காது. ஜேர்மன் சட்டமும் 7.5 ஜூல் ஆற்றலுக்குட்பட்ட காற்றுத் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் வைத்திருக்க வயதுவந்தோரை அனுமதித்தது. அரைக் கிராம் ரவைக்கு அந்த ஆற்றல் செக்கனுக்கு ஏறத்தாழ 170 மீற்றர் வேகத்தைத் தரும். பத்து மீற்றர் செல்ல ஒரு செக்கனில் பதினாறில் ஒரு பங்கு நேரம். அதற்குள் ரவை இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைவாகவே தாழும். அந்தத் தாழ்வு ஒவ்வொரு தடவையும் ஒன்றாகவே இருப்பதால் அதைக் குறிகாட்டி கவனித்துக்கொள்ளும்.

1966இல் வீஸ்பாடன் உலகச் சம்பியன்ஷிப்பில் காற்று ரைபிள் தனிப் போட்டியாக இடம்பெற்றது. 1974இல் வோல்தர் சுருள்வில்லையே விட்டுவிட்டது. நெம்புகோலை ஒருதடவை மூடினால் போதியளவு காற்று முன்கூட்டியே நெரிந்து அறையில் அடைபடும். விசையை இழுத்தால் ஒரு சிறு வால்வு மட்டும் திறக்கும். முசலம் பாய்வதில்லை, ஆகவே ஆடுவதற்கு எதுவுமில்லை. பைன்வேர்க்பௌ தனது வழுக்குச் சட்டத்தை விட்டு அதே வழிக்கு வந்தபோது 1980களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் எயார் ரைபிள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது பிரான்ஸின் பிலிப் ஹெபெர்லே 600க்கு 589 புள்ளிகள் பெற்றுத் தங்கம் வென்றார். பின்னர் கரியமில வாயுக் குடுவைகள் சில காலம் வந்துபோயின. வெயிலேறினால் அழுத்தமும் ஏறும் என்பது அதன் குறை. அதன் பிறகு 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த குடுவையும், ஒவ்வொரு வெடிக்கும் ஒரே அழுத்தத்தை அளந்துகொடுக்கும் சீராக்கியும் நிலைத்தன. ஜிரண்டோனியின் குடுவை இருநூறு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது. கசிவும் ஏற்றத்தாழ்வும் இல்லாமல்.

இவையெல்லாம் பெரும் பணம் கொடுத்து வாங்கும் போட்டித் துப்பாக்கிகளின் கதை. சாதாரண சுருள்வில் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பிரித்தானியாவில் பார்க்க வேண்டும். அங்கே 1969இல் 12 அடி-இறாத்தல், அதாவது ஏறத்தாழ 16.3 ஜூல், என்பது உரிமம் வேண்டாத எல்லையாக வகுக்கப்பட்டது. வீட்டுப் பின்புறக் கொட்டகைகளில் துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டும் ஒரு கைத்தொழில் அந்த எல்லைக்குள் வளர்ந்தது. முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் பலமான வில்லையே கேட்டார்கள். ஜெரால்ட் கார்டியூ என்பவர் தம் மகனுடன் சேர்ந்து 1970களில் செய்த சோதனைகள் அந்த ஆசையின் மீது சந்தேகத்தை எழுப்பின. காற்றுக்குப் பதிலாக நைதரசன் வாயுவில் வைத்துச் சுட்டபோது ரவையின் வேகம் பெருமளவு வீழ்ந்தது. நைதரசனில் எதுவும் எரியாது. ஆகவே சாதாரண நிலையில், முசலத்துக்கு முன்னே உள்ள எண்ணெய்ப் பசை ஒவ்வொரு வெடியிலும் கொஞ்சம் எரிந்து வேகத்தைக் கூட்டுகிறது என்பது வெளிப்பட்டது. டீசல் எஞ்சினில் நடப்பதும் இதுவே. எண்ணெய் கூடினால் வெடி கூடும். ஒரு வெடிக்கும் மறு வெடிக்கும் இடையே வேகமும் மாறும். துப்பாக்கி 'நன்றாக அடிக்க வேண்டும்' என்று குழலுக்குள் எண்ணெய் விட்டவர்கள் தம் கையாலேயே துல்லியத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நல்ல கைவினைஞர்கள் செய்தது கழிக்கும் வேலை. வில்லின் இரு முனைகளையும் தட்டையாக மெருகிட்டார்கள். அது உள்ளே தளதளத்து அதிராமல் இறுக்கமான வழிகாட்டி ஒன்றைப் போட்டார்கள். முசலம் உருளையில் உராயாதபடி விளிம்பின் பிசிறுகளை நீக்கினார்கள். தோல் வளையத்துக்குப் பதிலாக நன்கு பொருந்தும் செயற்கை வளையம். எண்ணெய் இல்லை, மொலிப்டினம் கலந்த கிறீஸ், அதுவும் விரல் தடவிய அளவு. விசையின் இழுவையைச் சீராக்கி, கட்டையின் திருகாணிகளை முறுக்கி, குழலின் வாய் விளிம்பில் வெட்டு ஏதும் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்த்தார்கள். வேலை முடிந்ததும் துப்பாக்கி முன்பைவிட மெதுவாகச் சுடுவதும் உண்டு. 'டாங்' என்று அதிர்ந்தது 'டப்' என்று அடங்கும். இதைப் படித்துவிட்டு யாரும் திருகாணித் திருப்பியை எடுக்க வேண்டாம். இறுகியிருக்கும் வில் தகுந்த பிடிகருவி இல்லாமல் கழற்றினால் முகத்தில் பாயும். திருகாணிகளை முறுக்குவதும், குழலைத் துடைப்பதும், பல வகை ரவைகளைச் சுட்டுப் பார்ப்பதும் எவரும் செய்யக்கூடியவை. பலருக்கு அவையே போதும்.

ரவையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரே பெட்டியில் ஒரே பெயரில் விற்கும் ரவைகளும் ஒன்றல்ல. தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 மில்லிமீற்றர் என்று பிரித்து விற்கிறார்கள். ஒரு குழலுக்குப் பிடித்தது அடுத்த குழலுக்குப் பிடிப்பதில்லை; ஏனென்று முன்கூட்டிக் கணக்கிட்டுச் சொல்ல முடிவதுமில்லை. ஆகவே போட்டியாளர்கள் துப்பாக்கியைக் கட்டையிலிருந்து கழற்றி, இரும்புப் பிடியில் பூட்டி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். பத்து ரவைகள் ஒரே துளைக்குள் போய், அந்தத் துளை ஒற்றை ரவையின் துளையைவிடச் சற்றே பெரிதாக இருந்தால், அந்தத் தொகுதியில் கிடைப்பதையெல்லாம் வாங்கிப் பூட்டி வைப்பார்கள். மனிதக் கையை முற்றாக விலக்கிவிட்டால் துப்பாக்கி ஏறத்தாழப் பிழைவிடுவதே இல்லை.

மிச்சமிருந்தது மனிதர்கள். பீஜிங்கில் தகுதிச் சுற்று முடிந்தபோது பின்லாந்தின் ஹென்றி ஹக்கினன் 598 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருந்தார். பிந்த்ராவுக்கு 596, நான்காம் இடம். இறுதிச் சுற்றுக்கு முந்திய ஒத்திகை வெடியில் பிந்த்ராவின் ரவை மையத்தை விட்டு வெகுவாக விலகி விழுந்தது. குறிகாட்டி மாறியிருந்தது. யாரோ கைவைத்திருக்கலாம் என்ற ஐயத்தை 2011இல் வெளியான தமது சுயசரிதையில் அவர் எழுதினார்; எதுவும் நிரூபணமாகவில்லை. கிடைத்த சில நிமிடங்களில் குறிகாட்டியைத் திருகித் திருகி மையத்துக்குக் கொண்டுவந்து, இறுதிச் சுற்றின் பத்து வெடிகளில் 104.5 பெற்றார். கடைசி வெடிக்கு முன் அவரும் ஹக்கினனும் சமம். பிந்த்ரா 10.8 சுட்டார். ஹக்கினன் 9.7 சுட்டு வெண்கலத்துக்கு இறங்கினார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் பெண்கள் எயார் ரைபிளில் தங்கம் வென்றபோது, அந்தப் பெயரைப் பிழையின்றி எழுத இந்தச் செய்தி மேசையில் யாரும் அகராதி தேடவில்லை.

2013இலிருந்து தகுதிச் சுற்றிலும் தசமப் புள்ளிகள் எண்ணப்படுகின்றன; முழு எண்ணில் எண்ணினால் முன்னணியினரைப் பிரித்தறிய முடியாமற் போனதே காரணம். 10.9 என்பது இப்போது உச்சம். அதற்கு ரவையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து கால் மில்லிமீற்றருக்குள் விழ வேண்டும். இன்றைய துப்பாக்கியின் காற்றுக் குடுவையில் காலாவதித் திகதி பொறித்திருக்கும். பொதுவாகப் பத்து ஆண்டுகள். அதற்குப் பின் அதைப் போட்டிக்குக் கொண்டுபோவது விதிமீறல். 1970களில் ஓபெர்ன்டோர்ஃபில் செய்த, வழுக்குச் சட்டமுள்ள 300ஆம் இலக்கத் துப்பாக்கிகளுக்கு அப்படியொரு திகதி இல்லை. முசலத்தைச் சுற்றி உருக்கு வளையம் போட்டிருந்தார்கள். குழலின் பின்வாயிலுள்ள சிறு அடைப்பு வளையத்தை மட்டும் எப்போதாவது மாற்றிவிட்டு, ஐரோப்பாவின் கழகங்களில் அவற்றைக் கொண்டு பிள்ளைகளுக்கு இன்னமும் சுடப் பழக்குகிறார்கள்.